ஆவுடையின் பவளப்பாசி

அநியாயம் நடந்தது ஆவுடையம்மாளுக்கு. செய்தவன் அவளுக்குத் தாலி கட்டிய உலகநாதன். மஞ்சனக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயிண்ட் கடை வைத்திருப்பவன், அம்மன் கோயில் கொடைவிழாக் கமிட்டிக்குச் செயலாளர், தெருவில் யாரைக் கண்டாலும் கும்பிட்டுக் கும்பிட்டு இரண்டு கையும் ஒட்டியே பிறந்தவன் போல இருப்பவன். அந்தக் கைகளால்தான் அவள் மண்டையை உடைத்தான். உடைத்துவிட்டு, கொல்லையில் துணி துவைக்கிற இடத்தில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். அவன் அம்மா செல்லத்தாய் அதையே சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த பக்கத்து வீட்டார் அதையே சொன்னார்கள். அப்படியாக, ஒருத்தன் சொன்னது ஊர் சொன்னதாகி, ஊர் சொன்னது உண்மையாகி, அந்த உண்மைக்குப் பாடை கட்டிப் பூப்போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆவுடைக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கை, கோமு. திருநெல்வேலிக் கண்காட்சியில் தான் செய்த மணிமாலைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தவள், போன் வந்ததும் எல்லாவற்றையும் துணியோடு அள்ளிச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் சிதை பாதி எரிந்திருந்தது.

“ஏன் அதுக்குள்ள வச்சிய? நான் மொகம் பாக்க வேண்டாமா?”

“பொணத்த வச்சிட்டு எம்புட்டு நேரம்மா காத்துக் கெடக்க முடியும்?” என்றார் ஒரு பெரியவர்.

“எங்க அக்கா எப்படிச் செத்தா?”

“வழுக்கல் கல்லு தாயி.” “விதி.” “பூவோட பொட்டோட போனா. குடுத்து வச்சவ.”

“குடுத்து வச்சவளா? யாரு குடுத்தா, என்னத்தக் குடுத்தா, அதச் சொல்லுங்க” என்று கோமு கேட்டாள். துக்க வீட்டில் இப்படியா வாயாடுவது என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். உலகநாதன் மட்டும் அவளைப் பார்த்தும் கும்பிட்டான்.

செத்தவள் நகையை அப்படியே வீட்டில் வைக்கக்கூடாது, ஆசாரியிடம் கொடுத்து உருக்கிவிட வேண்டும் என்பது மஞ்சனக்குறிச்சி வழக்கம். உருக்கிவிட்டால் பாவமெல்லாம் புகையாகப் போய்விடும் என்பார்கள். யாருடைய பாவம் என்று யாரும் கேட்டதில்லை. காரியம் முடிந்த கையோடு ஆவுடையின் வளையல், கம்மல், மூக்குத்தி, சங்கிலி, தாலி உட்பட எல்லாம் உலைக்குள் போய், ஒரு சொட்டு சூரியன் போல உருண்டு, செல்லத்தாயின் முந்தியில் முடிச்சாக வந்து உட்கார்ந்தது.

கோமுவின் தொழிலோ உருக்காத தொழில். ஓட்டை உடைசல் தெரு என்று ஊரில் ஒரு தெரு இருக்கிறது. உடைந்த ஊஞ்சல் சங்கிலி, கைப்பிடி போன கூஜா, நாக்கு அறுந்த கோயில் மணி, வெள்ளைக்காரன் காலத்துக் கடிகாரம், யார் வீட்டுப் பரணிலிருந்து எது விழுந்தாலும் அங்கேதான் வந்து சேரும். அங்கே பெரிய கடை பாண்டியண்ணாச்சியுடையது. அவர் கழித்துப் போடுகிற அறுந்த கொலுசு, நசுங்கிய தண்டட்டி, ஒற்றைப் பாம்படம், பித்தளைப் பொத்தான் எல்லாவற்றையும் கோமு வாங்கிக்கொள்வாள். புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்து, செம்புக் கம்பியை முறுக்கி, ஒரு கிழவியின் காதில் கிடந்ததை ஒரு குமரியின் கழுத்துக்குக் கோத்துக் கொடுப்பாள். படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்டு வாங்குவார்கள். பழசுக்கு ஒரு அழகு இருக்கிறதாம். அழகு மட்டும்தான் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆவுடை எரிந்த மாதத்திலிருந்துதான் பழைய நகைகள் அடிக்க ஆரம்பித்தன.

முதலில் சண்முகக்கனி டீச்சருக்கு விழுந்தது. கோமுவிடம் வாங்கிய பழைய வெள்ளி வளையலைப் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தவருக்கு, வளையல் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டதும், மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து வீங்கிற்று. சட்னி வைக்க வந்த கணவர், “நான் இல்லப்பா” என்று தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்து தபாலாபீஸ் மருமகளுக்குக் கம்மல் போட்ட காது கிழிந்து தொங்கிற்று. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் பெண் கோமுவின் மாலையைப் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குப் போனாள். அந்த மாலையில் பல வீட்டுப் பெண்களின் துண்டுகள் சேர்ந்திருந்தன, ஆகையால் அவள் பல வீட்டு அடியையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாங்கி, பல்லும் ரத்தமுமாக மேஜையில் துப்பினாள். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் அலர்ஜி என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு தடவினால் எரிச்சல் அடங்கியது, விரல் தடம் அடங்கவில்லை.

ஊர் பயந்துவிடவில்லை. ஊர் எதற்குத்தான் பயந்தது? பெண்கள் கோமுவின் கடைக்கு வந்தார்கள். நகையைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை, அடிபட்டவர்கள் முதுகைப் பார்க்க வந்தார்கள். சேலைக் கரையைப் பார்த்து இது எந்த ஊர்த் தறி என்று சொல்கிறவர்கள் தழும்பைப் பார்த்துச் சொன்னார்கள்.

“இது பெல்ட்டு. பக்கிள் பட்ட எடம் பாரு, பூ மாதிரி இருக்கு.”

“இல்ல மைனி, வெறகுக்கட்டை. பெல்ட்டுன்னா சுத்திக்கிட்டு வரும்லா?”

“எங்க வீட்ல இதெல்லாம் கெடையாதும்மா. எங்க வீட்ல சோத்துக் கரண்டிதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் கலைந்து போனார்கள்.

எந்த நகை அடிக்கும், எது அடிக்காது என்பதும் சீக்கிரமே ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. முன்பு அதைப் போட்டிருந்தவளை அடித்தவன் அடித்த அடி மட்டும்தான் வரும், விழுந்த வரிசையிலேயே வரும், பழைய அடி முதலில், கடைசி அடி கடைசியில். கழற்றிவிட்டால் நின்றுவிடும். பனை மரத்தடியில் மட்டை விழுந்து செத்தவளின் தோடு ஒன்றும் செய்யவில்லை. கிணற்றடியில் மெய்யாகவே வழுக்கி இடுப்பு ஒடிந்தவளின் ஒட்டியாணத்தைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள், இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. தானாக விழுந்ததை நகை கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கீழத்தெரு வள்ளிமயில், தன் மாமியாரின் மாமியாருடைய பாம்படத்தை ஆசையாகக் காதில் போட்டுக்கொண்டு கொடியில் துணி காயப்போடப் போனவள், கழுத்தில் இரண்டு பெருவிரல் பதிந்து கண்பிதுங்கி அங்கேயே செத்துக் கிடந்தாள். தலைமுறை தலைமுறையாகக் காலராவில் செத்தவளாக இருந்த கிழவி அன்றைக்குத்தான் கழுத்து நெரிபட்டுச் செத்தவள் ஆனாள். கொன்ற அடி கொன்றே தீரும் என்று ஊர் தெரிந்துகொண்டது. வள்ளிமயில் சாவுக்கு நல்ல கூட்டம்.

பிறகு எல்லாம் பழக்கமாகிவிட்டது. கண் வீங்கிய பெண் எதிரே வந்தால், “போட்டதா, பட்டதா?” என்று கேட்பது மரியாதையாயிற்று. அதுவரை கதவில் இடித்துக்கொண்டவர்கள், மாடு முட்டியவர்கள் எல்லாரும் அன்று முதல் பழைய நகை போட்டவர்கள் ஆனார்கள். புருஷன்மார்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அடித்து முடித்த கையோடு பீரோவைத் திறந்து எதையாவது எடுத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, “நகை ஆசை புடிச்ச கழுதை” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்கள்.

பாண்டியண்ணாச்சி வியாபாரி. கைக்கு வந்த சரக்கு அடிக்குமா அடிக்காதா என்று தானே போட்டுப் பார்த்துவிடலாம் என்று முதலில் ஒரு வெள்ளிக் காப்பைக் கையில் ஏற்றினார். அது எந்தப் பண்ணையில் எந்தக் காலத்தில் வேலை பார்த்தவனுடையதோ தெரியாது, காப்பு சூடேறியதும் சட்டைக்குள் சாட்டை இறங்கிற்று. முதுகுத் தோல் வாழைநாராக உரிய, “யய்யா, சாமி, இனி தொடமாட்டேன் சாமி” என்று தன்னுடையதல்லாத வார்த்தைகளைக் கத்திக்கொண்டு தெருவில் ஓடினார். அந்தக் காப்பு வேறு தெருக்களைப் பற்றிய வேறு கேள்விகளைக் கிளப்பும் என்று தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து அதைக் குளத்தில் போட்டார்கள். அண்ணாச்சி காயம் ஆறியதும் செய்த முதல் காரியம், நகை போட்டுப் பார்ப்பதற்கென்று ஆள் வைத்ததுதான். ஆள் என்றால் பெண். செங்கல் சூளையில் வேலை போன பேச்சித்தாய்.

அவள் கடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு நகையாகப் போட்டு, முதல் அடி விழுந்ததும் கழற்றி இடதுபக்கக் கூடையில் எறிவாள், அடிக்காததை வலதுபக்கக் கூடையில் வைப்பாள். இடதுபக்கம்தான் எப்போதும் நிறையும். “சோதித்த நகை” என்று அண்ணாச்சி போர்டு மாட்டினார். வாங்க வருகிறவர்கள் பேச்சித்தாயின் உதடு கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

“ஏக்கா, இது ஒரு வேலையா?” என்று கோமு ஒரு நாள் சண்டைக்குப் போனாள். “ஊர்க்காரி வாங்கின அடியெல்லாம் நீ எதுக்கு வாங்கணும்?”

“ஏளா, எங்க வீட்ல சும்மாவே வாங்கினேன்” என்றாள் பேச்சித்தாய், வீங்கிய வாயால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. “இங்க மத்தியானம் சாப்பாடு உண்டு.”

இந்தக் கூத்தில் பெண் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு புத்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க நாலு தெரு அலைவதைவிட, மாப்பிள்ளையின் அம்மாவுடைய நகையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா? நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு நகை ஒன்றை வாங்கி, எல்லார் முன்னாலும் ஒருத்தியைப் போட்டுக்கொள்ளச் சொல்வது சடங்காயிற்று. போட்டுக்கொள்ளப் பேச்சித்தாயைத்தான் கூப்பிடுவார்கள். தாம்பூலப் பையும் உண்டு. அவள் முகத்தில் ரத்தம் வந்தால் கல்யாணம் நின்றது. நாலைந்து கல்யாணம் நின்றதும் ஊரின் ஆண்களெல்லாம் பீரோவைக் காலி செய்துகொண்டு ஆசாரிமார் தெருவுக்கு ஓடினார்கள். உலைகள் பகலெல்லாம் எரிந்தன. ஊருக்கு மேலே கந்தலாகப் புகை நின்றது. உருக்கிய தங்கம் யாரையும் அடிக்கவில்லை. அம்மாக்கள் புத்தம் புதுச் சங்கிலியோடு சபையில் உட்கார்ந்தார்கள், பேச்சித்தாய் போட்டுப் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்றாள், குலவை போட்டார்கள். எல்லா வீடும் நல்ல வீடாகிவிட்டது.

உலகநாதன் வீட்டில் இந்தக் கவலையே இருக்கவில்லை. அவர்கள்தான் எல்லாருக்கும் முன்னாலேயே உருக்கிவிட்டார்களே! ஆனால் அவர்கள் ஒரு தப்பு செய்திருந்தார்கள். தங்கத்தை மட்டும்தான் நகை என்று நினைத்த தப்பு.

ஆவுடைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது கோமு ஒரு பவளப்பாசி மாலை கோத்துக் கொடுத்தாள். தூத்துக்குடியில் புதிதாக வாங்கிய பவளம், தன் கையாலேயே முறுக்கிய செம்புக் கம்பி, தானே வளைத்த கொக்கி. அதில் பழசு என்று ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. ஆவுடையின் கழுத்தைத் தவிர வேறு கழுத்தை அது அறியாது. குளிக்கும்போதும் அவள் அதைக் கழற்றியதில்லை. செத்தவளைக் குளிப்பாட்டும்போது செல்லத்தாய் அதை அறுக்காமல் கழற்றி, தங்கமில்லை என்று கண்டு, ஓட்டைக் குடத்துக்குள் போட்டாள். அப்புறம் ஒரு நாள் பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று வண்டிக்காரன் கூவிக்கொண்டு வந்தபோது குடத்தை அப்படியே கொடுத்துவிட்டுப் பழத்தை வாங்கித் தின்றாள்.

அந்த வண்டி ஓட்டை உடைசல் தெருவுக்குத்தான் வந்தது. கோமு குடத்தைக் கவிழ்த்தாள். பவளம் அவள் மடியில் விழுந்தது.

நல்ல வெயில் நேரம். தெருவில் தராசு சத்தம், பேரம் பேசுகிற சத்தம். கோமு கடைக்குப் பின்னால் போய் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தடுத்திருப்பார்கள்.

பவளம் சூடேற நேரமாகவில்லை. இடது கன்னத்தில் முதல் அறை விழுந்தது, காதுக்குள் கோயில் மேளம் அடித்தது. ஒரே ஊரில் இருந்தும் வாசல் தாண்ட விடப்படாத அக்கா போனில், “காதுல பூச்சி போய்ட்டுடி, ஒரு வாரமா கேக்க மாட்டேங்கு” என்று சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்தது தாடையில். கடைவாய்ப் பல் ஒன்று கழன்று நாக்கில் உருண்டது, கையில் துப்பிப் பார்த்தாள். தீபாவளிக்கு வரமுடியாது, பல்வலி என்று அக்கா சொன்ன தீபாவளி. பிறகு தொடையில் தோசைக்கரண்டி, சூடானது. சுடுதண்ணி கொட்டிவிட்டது என்றாளே, அது. பிறகு அடிவயிற்றில் கால். அந்த உதையில் கோமு மண்ணில் குப்புற விழுந்தாள், உள்ளே ஏதோ கிழிந்தது, சேலை நனைந்தது. “தங்கலடி, எனக்குக் குடுத்து வைக்கல” என்று அக்கா அழுத அழுகைக்கு அன்றைக்கு அவள் என்ன சொன்னாள்? மாதுளம்பழம் சாப்பிடச் சொன்னாள். இப்படி ஒவ்வொரு அடிக்கும் அக்கா ஒரு பொய்யைக் கட்டி அனுப்பியிருந்தாள், ஒவ்வொரு பொய்யையும் தங்கை நம்பியிருந்தாள், நம்பியதற்கெல்லாம் சேர்த்து இப்போது மண்ணில் கிடந்து வாங்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று, கடைசியைப் பார்த்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தாள்.

தலைமயிரை யாரோ பிடித்துப் பின்னால் வளைத்தார்கள். யாரும் இல்லை. மயிர் மட்டும் கொத்தாக நிமிர்ந்து நின்றது.

பேச்சித்தாய் ஓடிவந்து கொக்கியைக் கழற்றினாள். மயிர் தொப்பென்று விழுந்தது.

“விடுக்கா! அடுத்ததுதான் கடைசி. நான் பாக்கணும்.”

“எதப் பாப்ப? செத்தவ பாப்பாளா? நீ செத்தா உங்கக்காளுக்குத் துணையாவும், வேற என்ன ஆவும்? அவன் பொண்ணு பாத்திருக்கான் தெரியுமா, கோயில்விளை சொக்கலிங்கம் மவள. வார வெள்ளிக்கிழமை தட்டு மாத்துதாவ. என்னயத்தான் கூப்ட்ருக்காவ, நக போட.”

கோமு அந்தக் கோலத்திலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நாற்காலி போடச் சொன்னார்.

“யாரும்மா அடிச்சது?”

“எங்க அக்கா புருஷன்.”

“எப்ப?”

“எங்க அக்காவ அடிச்சப்ப.”

“அப்ப அக்காவத்தான அடிச்சான்? அக்கா உடம்புல காயம் இருக்கா?”

“அக்கா உடம்பே இல்ல சார். எரிச்சாச்சு.”

“பாத்தியா. காயம் இருக்கிற உடம்ப அவன் தொடல. தொட்ட உடம்பு இல்ல. நான் யாரைப் புடிச்சு எதுல போட?” என்று அவர் மெய்யாகவே வருத்தப்பட்டார். “அதுவுமில்லாம, நீ வாங்கினது அத்தனையும் சாதாரண அடிம்மா. கொலைன்னா, கொலை அடி விழுந்திருக்கணும்.”

“விழுந்தா நான் எப்படி சார் வந்து சொல்லுவேன்?”

“அதான் சிக்கல்” என்றார்.

ஊரும் அதைத்தான் சொன்னது. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், அம்மன் கோயில் பிரகாரத்தில் ஊர் நிதானமாக உட்கார்ந்து யோசித்து, முழுசாகப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்று முடிவுக்கு வந்தது. நியாயமான ஊர். ஒரு பெண் செத்ததை நம்ப இன்னொரு பெண் செத்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டது, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பாசமான தங்கை என்றால் போட்டுக்கொள்ள மாட்டாளா என்று சிலர். இல்லை, சின்ன வயசு, பாவம், பேச்சித்தாய்க்குத்தான் இதுவே தொழிலாயிற்றே என்று சிலர். அவளுக்கு வேண்டுமானால் ஊரே சேர்ந்து கல்லறை கட்டிக் கொடுக்கலாம் என்று பாண்டியண்ணாச்சி பெரிய மனதோடு சொன்னார். அடித்தவன் போட்டுப் பார்க்கட்டும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நகை என்றால் அது பெண்கள் சமாசாரம்.

கோமுவுக்கே அது வெள்ளிக்கிழமை காலையில், உலையில் அரிசி போடும்போதுதான் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டுப் பேச்சித்தாயோடு கோயில்விளைக்குப் புறப்பட்டாள்.

சொக்கலிங்கம் வீட்டுப் பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. உலகநாதன் பட்டுச்சட்டைக்கு மேலே தடித்த சங்கிலியோடு உட்கார்ந்து வந்தவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தான். செல்லத்தாய் முந்தியிலிருந்து புதுச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு சூரியனாக உருண்டதுதான் இப்போது இப்படி நீண்டிருந்தது. பேச்சித்தாய் போட்டுக்கொண்டாள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது. ஒரு மூக்குச்சிவப்புகூட இல்லை.

“ஒண்ணுமில்ல” என்றாள். குலவை எழும்பிற்று.

“இன்னொரு நக இருக்கு” என்றாள் கோமு.

வீங்கிய முகத்தோடு அவள் கூட்டத்துக்குள் நடந்து வந்தபோது, போட்டதா பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் இருந்த தாம்பாளத்தில் பவளப்பாசியை வைத்தாள். செல்லத்தாய்க்கு அடையாளம் தெரிந்தது.

“அந்தப் பாசியா? அது ஒரு நகையாக்கும்! சபையில கொண்டாந்து வைக்கா பாரு, பிச்சைக்காரக் குடும்பம்.”

“எங்க அக்கா கழுத்துல கெடந்தது மாமா” என்று கோமு பெண்ணின் அப்பாவிடம் சொன்னாள். “கல்யாணத்திலேர்ந்து சாவு வரைக்கும். அவ வழுக்கி விழுந்துதான் செத்தான்னா இது யாரையும் ஒண்ணும் செய்யாது.”

சொக்கலிங்கம் பாசியைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். “சரி, அதையும் போட்டுருவோம். பேச்சித்தாயி...”

“பேச்சியக்கா ஏன் போடணும்?” கோமுவின் குரல் பந்தலின் ஓலையைக் கிழித்துக்கொண்டு போனது. “அவ எதுக்குப் போடணும், நான் எதுக்குப் போடணும், இன்னும் எத்தன பொம்பள போட்டுப் போட்டுக் காட்டணும்? அடி வாங்கினவளும் நாங்க, அடி வாங்கினோம்னு காட்டுறதுக்கு மறுபடி வாங்குறவளும் நாங்க, அதையும் வாங்கிட்டு வந்தா அது பத்தாது செத்துக் காட்டுங்கிறிய. அத்தான் இருக்காவல்லா? அவுகளுக்கும் கழுத்து இருக்குல்லா? அத்தான், நீங்க போடுங்க.”

“ஆம்பள பாசி போடுவானா!” என்று ஒருவர் சிரித்தார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள். பாண்டியண்ணாச்சி சிரிக்கவில்லை. முதுகைச் சட்டைக்கு மேலே தடவிக்கொண்டார்.

“சங்கிலி போட்ருக்காவல்லா” என்றாள் கோமு.

உலகநாதன் கும்பிட்டான். “கோமு, நீ சின்னப்புள்ள. துக்கத்துல பேசுத. ஒனக்கு என்ன வேணுமோ பொறவு பேசிக்கிடலாம்.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எங்க அக்கா எப்படிச் செத்தா?”

“சொன்னம்லா. எத்தன தடவ சொல்ல? வழுக்கி விழுந்தா.”

“அப்ப போடுங்க.”

எத்தனையோ நிச்சயதார்த்தங்களில் ஒரு பெண்ணின் முகத்தையே பார்த்துப் பழகிய கண்கள் முதல் தடவையாக ஒரு ஆணின் முகத்துக்குத் திரும்பின. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் நெற்றியில் வேர்த்தது. சந்தனம் கரைந்து மூக்கின் மேல் வழிந்தது.

“போட்டுத்தான் காட்டுமேன் மாப்ள” என்றார் சொக்கலிங்கம். குரலில் கெஞ்சலும் இருந்தது. “சூடேறுத நேரம்தான? நாலு பேரு வாயடைச்சுப் போவும்.”

“அதெல்லாம் நம்ம குடும்பத்துல...” என்று உலகநாதன் எழுந்தான். பின்னால் நின்றவர்கள் விலகவில்லை. விலகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, பெண்கள்தான் நின்றார்கள், சும்மா நின்றார்கள்.

அப்போது செல்லத்தாய் எழுந்தாள். வழுக்கி விழுந்தாள், வழுக்கி விழுந்தாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, சோப்புத் தண்ணீரையும் கால் இடறியதையும் தன் கண்ணாலேயே பார்த்தவளாக ஆகிவிட்டிருந்தாள் அவள். அவளைவிட அந்த வழுக்கலை நம்பியவர்கள் அந்தச் சபையில் இல்லை. தாம்பாளத்திலிருந்து பாசியை அவளே எடுத்தாள், கொக்கியை அவளே திறந்தாள், பிள்ளைக்கு மாலை போடுகிறவள் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மகனுக்கு நேரே வந்தாள்.

“குனிலே. இந்த வாயாடிக்குப் பயந்து ஓடணுமா நாம? மடியில கனமில்ல, வழியில என்ன பயம்? குனி, நான் போட்டுவிடுதேன். வழுக்கி விழுந்து செத்தவதான!”

உலகநாதன் பின்னால் நகர்ந்தான். முதுகு பந்தல்காலில் இடித்தது. கும்பிட்ட கைகள் பிரிந்து தன் கழுத்தைத் தானே இறுக்கிப் பொத்திக்கொண்டன. பவளம் அவன் தாடையைத் தொட்டபோது, பள்ளிக்கூடத்துக்கு மாட்டேன் என்கிற பிள்ளையின் குரலில், கடைசி வரிசையில் நின்ற பெண் வரைக்கும் கேட்க, அம்மாவிடம் சொன்னான்:

“போடாதம்மா. அதப் போட்டா நான் செத்துருவேன்.”